மனோகரி அக்காவைப் பற்றி ஒரு திருத்தம்

மனோகரி அக்கா காலமான செய்தி எனக்கு ஒரு மின்னஞ்சலாக வந்தது. மனிதர் யாரும் அனுப்பியதல்ல. "நீங்கள் பின்தொடரும் கையேட்டில் புதிய பக்கம் சேர்க்கப்பட்டுள்ளது" என்று ஓர் இணையத்தளம் தானாக அனுப்பிய அறிவித்தல். சுவிசில் ஊஸ்டர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, இன்றைக்கு என்னத்தைப் போட்டிருக்கிறார்களோ என்று அலட்சியமாகத் திறந்தேன். மேலே அவருடைய படம். கீழே 'ஆழ்ந்த இரங்கல்'. என் ரயில் வந்தது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய கணவர் தேவா அண்ணை அழைத்து, "தம்பி, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. ஹார்ட் அட்டாக். ஒண்டும் செய்யேலாமப் போச்சு" என்றபோது, "ஓம் அண்ணை, பாத்தன்" என்று சொன்னேன். சாவுச் செய்தி சொல்ல எடுத்த மனிதருக்குச் சொல்கிற பதிலா அது? அந்தப் பதிலைச் சொல்ல வைத்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அந்தப் பக்கத்தை மேலும் வாசித்துக்கொண்டு போனால், நடுவில் இப்படி ஒரு வரி: "நமது கையேடு இன்றைய நவீன தளத்துக்கு மாறியதற்கு அன்னாரின் தூரநோக்கே காரணமாக அமைந்தது." என் அழுகை அந்த இடத்தில் நின்றது. அந்தத் தளம் வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று ஓல்ட்டனில் நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை பிடித்தவர் மனோகரி அக்கா. அதை எழுதியவர்களுக்கும் அது தெரியும். செத்தவர் எழும்பி வந்து மறுக்கமாட்டார் என்ற துணிவில் வாய் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடக்கமான அஞ்சலி வேண்டுமென்றால் அது அங்கே இருக்கிறது, போய் வாசியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'சட்டி' என்பது சமையலறைகளுக்கான ஒரு திறந்த மூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், யாரும் மாற்றலாம். முதியோர் இல்லம், பாடசாலை போன்ற இடங்களில் இன்றைக்கு என்ன சாப்பாடு, அதில் யாருக்கு ஒவ்வாத பொருள் இருக்கிறது, தட்டில் என்ன சீட்டு ஒட்டுவது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். சுவிசில் அப்படிப்பட்ட சமையலறைகளில் நம்மவர் இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் தமிழில் ஒரு கையேடு வேண்டும் என்று சிலர் சேர்ந்து, இந்த நாட்டு முறைப்படி ஒரு சங்கமும் வைத்தோம். கையேடு ஓடும் சேவர் கணினியைப் பார்ப்பது என் வேலை. கையேட்டைப் பார்ப்பது மனோகரி அக்காவின் வேலை. அவர் பேர்ண் நகரின் பூம்ப்ளிஸ் பகுதியில் இருந்தார். பகலில் ஒரு லிஃப்ட் கம்பனிக்கு ஜெர்மன் மொழியில் கையேடு எழுதுவார். மாலையில் எங்களுடன் சண்டை பிடிப்பார்.

ஆரம்பத்தில் நான் ஒரு முன்னுரை எழுதிக் கொடுத்தேன். 'உணவே மருந்தென வாழ்ந்த இனத்தின்' என்று தொடங்கும், நல்ல நீளமான முன்னுரை. அவர் வாசித்துவிட்டு அழைத்தார். "ரமணன், லிஃப்டுக்குள்ளை மாட்டுப்பட்ட ஆளுக்கு உம்மடை அழகான தமிழ் தேவையில்லை. எந்தப் பொத்தானை அமத்துறது எண்டுதான் தேவை. விளங்குதோ?" என்றார். "அக்கா, ஒரு பந்தியாவது வைச்சிருக்கலாமே" என்று கெஞ்சினேன். "உம்மடை கலியாண வீட்டுக்கு நான் அதை வாசிக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குப் பொல்லாத ரோஷம் வந்தது. ஆனால் முன்னுரை போன பிறகு, கையேட்டைத் திறந்த உடனே 'புதிய உணவைச் சேர்ப்பது எப்படி' என்பது தெரிந்தது. சமையலறையில் இருப்பவர்கள் அதைத்தான் தேடி வந்தார்கள்.

அப்போது கையேடு ஒரு விக்கியில் இருந்தது. எந்தப் பக்கத்தின் மேலேயும் 'திருத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் எழுதலாம். கணக்குத் திறக்கத் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. கீழே ஒரு சின்னப் பெட்டி, 'ஏன் மாற்றினீர்கள்?' என்று கேட்கும். அதை நிரப்பிவிட்டுச் சேமிக்க வேண்டியதுதான். பார்க்க அவலட்சணமாக இருக்கும், உண்மையைச் சொல்கிறேன். சாம்பல் நிறமும் நீல எழுத்துமாக, யாரோ பாதியில் விட்டுப்போன வீடு மாதிரி. ஆனாலும் மனோகரி அக்கா அதைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டவர்களை, ஆரென்று தெரிந்தால், விடவே மாட்டார். "மாத்தினது சரி. ஏன் எண்டு சொன்னாத்தானே அடுத்த ஆளுக்கு விளங்கும்? உங்கடை மண்டைக்குள்ளை வந்து பாக்கவோ நான்?" என்று எடுத்துக் கேட்பார்.

அவருக்கு வந்த பெரிய தொல்லை கணினியால் வந்ததல்ல, நம்முடைய மரியாதையால் வந்தது. முதலில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் எழுதியவரின் பெயர் இருந்தது. பிழையைக் கண்டவர்கள் ஒருவரும் 'திருத்து' பொத்தானைத் தொடவில்லை. எல்லோரும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒருநாள் நான் அவர் வீட்டில் இருக்கும்போது அப்படி ஓர் அழைப்பு வந்தது. "அக்கா, சூப்புப் பக்கத்திலை ஒரு சின்னப் பிழை கிடக்கு. ஆனா அது செல்வா அண்ணை எழுதினது. அண்ணை எழுதினதிலை நான் எப்பிடிக் கை வைக்கிறது?" மனோகரி அக்கா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்கள் அண்ணையிலையோ கை வைக்கிறியள்? சூப்பிலைதானே வைக்கிறியள்! மாத்துங்கோ!" மறுமுனை சிரித்ததே தவிர மாற்றவில்லை. அன்றைக்கே அவர் எல்லாப் பக்கங்களின் மேலிருந்தும் பெயர்களை எடுத்துவிட்டார். யார் எதை எழுதினார் என்பது பின்னால், வரலாற்றுப் பகுதியில் இருக்கும், தேடுகிறவர் தேடிப் பார்க்கலாம். முகப்பில் பெயர் இல்லை. பெயர் போனதும் திருத்தங்கள் வரத் தொடங்கின. செல்வா அண்ணை மட்டும் கொஞ்சக்காலம் எங்களோடு கதைக்கவில்லை.

பிறகுதான் தளம் மாற்றுகிற கதை வந்தது. சங்கத்தின் தலைவர் குகநாதன் சூரிச்சில் பெரிய வேலையில் இருப்பவர், கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விக்கியில் யாரோ ஒரு தடவை திருமண மண்டப விளம்பரம் ஒன்றைப் போட்டுவிட, "திறந்த வீட்டுக்குள்ளை ஆரும் வரலாம் எண்டா இப்பிடித்தான்" என்று அவர் தொடங்கினார். "வந்த விளம்பரத்தை ஒரு கிளிக்கிலை துடைச்சிட்டன், அதுக்கேன் வீட்டையே மாத்துவான்?" என்று அக்கா கேட்டார். எடுபடவில்லை. ரயில்கள் எல்லாம் சந்திக்கிற ஓல்ட்டனில்தானே இந்த நாட்டுச் சங்கங்கள் எல்லாம் கூடும், நாமும் கூடினோம். குகநாதன் திரையில் ஓர் அட்டவணை காட்டினார். விக்கிக்கு நேரே சிவப்புப் புள்ளிகள். ஒரு கம்பனி நடத்தும் புதிய கையேட்டுத் தளத்துக்கு நேரே வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். தோற்றம் பச்சை, தேடல் பச்சை, பாதுகாப்பு பச்சை. நம்மைப் போன்ற திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாம். திருத்த விரும்புபவர் கணக்குத் திறந்து யோசனை அனுப்புவாராம், இரண்டு பரிசீலகர்கள் பார்த்து ஏற்றுக்கொள்வார்களாம்.

மனோகரி அக்கா எழுந்தார். கைப்பைக்குள் இருந்து சமையலறைக் கையுறை ஒரு சோடியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்தார். கையுறையைத் தலைவரிடம் நீட்டி, "போடும்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். கையுறைமேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இனி உம்மடை போனை எடுத்து, அந்தத் தளத்திலை ஒரு சொல்லைத் திருத்தும் பாப்பம். சோறு அடிப்பிடிக்கப் போகுது, கெதியா!" என்றார். மண்டபமே சிரித்தது. குகநாதன் ஈரக் கையுறையோடு திரையைத் தடவினார். மின்னஞ்சல் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, நீங்கள் இயந்திரம் இல்லையென்று நிரூபிக்க மோட்டார் சைக்கிள் படங்களைத் தெரிவு செய்யச் சொன்னது. கடைசியில் அவர் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டு, "நல்ல நாடகம் அக்கா" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "இன்னுமொரு கேள்வி. நாளைக்கு இது சரிவராட்டி, எங்கடை எழுத்தையெல்லாம் எப்பிடி வெளியிலை எடுக்கிறது? ஒரு தளத்துக்குள்ளை போக முந்தி வெளியிலை வாற கதவைப் பாக்க வேணும். உம்மடை அட்டவணையிலை அந்தக் கதவைக் காணேல்லை" என்றார். "அதைப் பேந்து பாப்பம்" என்பதுதான் பதில்.

வாக்கெடுப்பு கை தூக்கி. நம்மவர் எப்படிக் கை தூக்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் தலைவர் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்திலிருப்பவர் கையைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் கை தானாக மேலே போகும். நாடகத்துக்குச் சிரித்து ரசித்த அதே கைகள் புதிய தளத்துக்கு உயர்ந்தன. எதிர்த்தவர்கள் நாங்கள் ஒரு சிலர்தான். நான் மனோகரி அக்காவின் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவர் கையைத் தலைக்கு மேலே நன்றாக நீட்டி, எண்ணுபவர் "கையைக் கீழே விடலாம்" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் இறக்காமல் வைத்திருந்தார். இந்தக் கையைத்தான் இன்றைக்கு 'தூரநோக்கு' என்று எழுதியிருக்கிறார்கள்.

புதிய தளம் வந்தது. பக்கத்தின் தலைப்பில் எழுதியவரின் பெயர் மட்டுமல்ல, இப்போது படமும் வந்தது. செல்வா அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு சூப்புக்கு மேலே சிரித்தார். திருத்தங்கள் நின்றுபோயின. குகநாதன் அதையும் ஒரு நல்ல செய்தியாகச் சொன்னார்: "பிழை குறைஞ்சு போச்சு, ஆரும் ஒண்டும் அனுப்புறேல்லை." அக்கா என்னை அழைத்து, "ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்டிப்போட்டு ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை எண்டு சொல்லுறார் மனுசன்" என்றார்.

அடுத்து நடந்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. 'சட்டி'யின் புதிய பதிப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். முன்பு ஓர் உணவுக் குறிப்பைப் பிரதி எடுத்தால் அதிலுள்ள ஒவ்வாமைக் குறியீடுகளும் கூடவே வரும். புதிய பதிப்பில் வராது, கையால் போட வேண்டும். எங்கள் கையேடு பழையதையே சொல்லிக்கொண்டிருந்தது. கூர் என்ற நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பொறுப்பாளராக இருக்கும் ரெஜினா அதை உடனே கண்டுபிடித்தார். மன்னார்க் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நோயாளருக்குச் சமைப்பதில் தனிப்பயிற்சி பெற்றவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கணக்குத் திறந்து, சரியான வசனத்தை எழுதி அனுப்பினார். 'உங்கள் யோசனை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலகர்களில் ஒருவர் விடுமுறையில், மற்றவருக்கு நேரமில்லை. ரெஜினா மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் பரிசீலனை. விக்கியாக இருந்தால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் மாற்றியிருப்பார்.

அந்தப் பரிசீலனை முடியவே இல்லை. வேறோர் ஊரில் ஓர் இல்லம். அங்கே புதிதாக வேலைக்கு வந்த நம்மவர் ஒருவர் கையேட்டைப் பார்த்து, அது சொன்னபடியே கரட் கேக் குறிப்பைப் பிரதி எடுத்தார். இந்த நாட்டுக் கரட் கேக்கில் மாவைவிடப் பாதாம் தூள்தான் கூட. கண்ணுக்குத் தெரியாது. சீட்டில் பாதாம் என்று வரவில்லை. பாதாம் ஒத்துக்கொள்ளாத ஒரு முதியவர் சாப்பிட்டார். முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அம்புலன்சில் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். அங்கே வேலையில் நின்ற தாதியர் வேகமாக ஓடியிராவிட்டால் பிழைத்திருக்கமாட்டார்.

மனோகரி அக்கா அன்றைக்கு என்னை அழைத்தார். அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ரமணன், சரியான வசனம் இருந்திருக்கு. எழுதின ஆள் இருந்திருக்கு. அனுப்பின பிறகும் கிடந்திருக்கு! நாங்கள் எல்லே அதைப் பூட்டி வைச்சிருந்தனாங்கள்!" நிர்வாகக் குழுவின் பதில் என்ன தெரியுமா? கையேட்டின் அடியில் 'தகவல்களுக்கு நாம் பொறுப்பல்ல' என்று போட்டிருக்கிறதாம், ஆகவே சட்டப்படி பிரச்சினை இல்லையாம். அந்தப் பக்கத்தை அவசரமாகத் திருத்திவிட்டு, பரிசீலனைக் குழுவுக்கு இன்னும் ஓர் ஆளைப் போட்டார்கள். சரியான கண்துடைப்பு. அக்கா அவர்களுக்கு எழுதிய பதிலில் ஒரு வரியை மட்டும் சொல்கிறேன்: "பிழையைக் கண்டவர் திருத்த முடியாத கையேடு, கையேடு அல்ல, விளம்பரம்."

எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. விக்கிக்குத் திரும்ப வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொடுத்தார். முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவர் நான். கையேட்டை வெளியே எடுக்கலாம் என்று போனபோதுதான் கதவின் கதை தெரிந்தது. இலவசக் கணக்கில் இருப்பவர்கள் படமாக அச்சிட்டு எடுக்கலாமே தவிர, எழுத்தாக எடுக்க வழியில்லை. "நான் சொன்னனான் எண்டு சொல்லமாட்டன்" என்றார். பிறகு, "சொன்னனான்தானே?" என்றார். வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, பிரதி எடுத்து, என் சேவரில் தூங்கிக்கிடந்த பழைய விக்கியில் ஒட்டிக்கொண்டு வந்தார். சாவதற்கு முந்தின நாளும் ஒட்டியிருக்கிறார். கடைசியாக ஒட்டியது 'கஞ்சி, கூழ், திரவ உணவுகள்'. காரணப் பெட்டியில், 'வீட்டுக்குத் திரும்புது' என்று எழுதியிருக்கிறார்.

பேர்ண் தகன மண்டபத்தில் குகநாதன் மலர்வளையத்தோடு வந்திருந்தார். அவருடைய துக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன், கண் சிவந்துதான் இருந்தது. வெளியே வந்ததும் அந்த வரியைப் பற்றிக் கேட்டேன். "அக்கா கடைசிவரைக்கும் கையேட்டிலைதானே இருந்தவ, அந்தக் கருத்திலைதான் போட்டது. செத்த வீட்டிலை வந்து சண்டை பிடிக்கிறதோ, ரமணன்?" என்றார். "அப்ப தீர்மானம்?" என்று கேட்டேன். முன்மொழிந்தவர் இல்லாதபடியால் அது தானாக விழுந்துவிடுமாம். அதற்குப் பதிலாக அக்கா எழுதிய பக்கங்களை அப்படியே பூட்டி, இனி ஒருவரும் தொடாமல், 'மனோகரி நினைவுக் கையேடு' என்று பாதுகாக்கப் போகிறார்களாம். பூட்டப் போகிறார்களாம்! பக்கத்தில் நின்ற தேவா அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அவ கட்டின புருசன் நான். என்னையே வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தவ. அவ எழுதினதை ஒருத்தரும் திருத்தக் கூடாதெண்டு நீங்கள் ஆர் சொல்ல?" என்றார். குகநாதன் காரை நோக்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த அஞ்சலிப் பக்கத்தைத் திறந்து, பொய் வரியை அழித்து, நடந்ததை எழுதி அனுப்பினேன். 'உங்கள் யோசனை பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. இன்றுவரை பரிசீலனையில்தான் உள்ளது. அவர்கள் பரிசீலித்து முடிக்கும்வரை மனோகரி அக்கா, தான் எதிர்த்ததற்கெல்லாம் காரணகர்த்தாவாக, பூமாலையோடு அங்கே சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். 

தீர்மானம் விழவில்லை. சங்கத்தின் சட்டமான யாப்பில் அப்படி ஒரு விதியே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். வழிமொழிந்தவன் உயிரோடு இருக்கிறேன். ஓல்ட்டனுக்கு அதே கையுறையோடு வருவேன், தேவா அண்ணை அதைக் கொடுத்திருக்கிறார். நீங்களும் வாருங்கள். இந்த முறையாவது பக்கத்துக் கையைப் பார்க்காமல் தூக்குங்கள். அந்த முதியவரின் முகத்தை நினைத்துக்கொண்டு தூக்குங்கள்.

இந்த அஞ்சலியைப் பழைய விக்கியில்தான் போட்டிருக்கிறேன். முகப்பில் என் பெயர் இல்லை. பிழை இருந்தால் திருத்துங்கள், ரெஜினா ஏற்கெனவே தொடங்கிவிட்டார். ஓல்ட்டன் கையுறை நீலம் என்று எழுதியிருந்தேன். 'மஞ்சள். அக்காவுக்கு அதைக் குடுத்ததே நான்' என்று காரணம் எழுதி அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார். சாவு வீட்டிலிருந்து வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அதை வாசித்துத்தான்.

மனோகரி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தச் சின்னப் பெட்டியைத்தான். கோபத்தில் எதை மாற்றினாலும் காரணத்தைச் சொல்லிவிட்டு மாற்று என்று அது கேட்கிறது, அவருடைய குரலிலேயே கேட்கிறது. இந்தப் பக்கத்தைச் சேமிக்கப் போனபோதும் கேட்டது: ஏன் மாற்றினீர்கள்?

எழுதினேன்: 'அவர் வேண்டாம் என்றுதான் கை தூக்கினார். நான் பக்கத்தில் இருந்தேன்.'